ரேடாருக்கு வழி விடு!

வீட்டில் ஒரு சிறிய பெட்டி. அதன் பெயர் "வைபை." கம்பி இல்லாமல் செய்தியும் படமும் கொண்டு வரும் பெட்டி அது. அதற்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. உயிரைக் காக்கும் சம்பந்தம்!

137 பேர் பலி

1985–ம் ஆண்டு ஆகஸ்டு 2–ந் தேதி, அமெரிக்காவில் டல்லாஸ் விமான நிலையத்தில் இறங்க ஒரு விமானம் வந்தது. அப்போது மேகத்தில் இருந்து காற்று அருவிபோல் கீழே கொட்டியது. விமானம் தரையில் மோதி நொறுங்கியது. 137 பேர் மாண்டார்கள்.

இந்தக் காற்றைக் கண்ணால் காண முடியாது. ஆகவே, பெரிய விமான நிலையங்களுக்கு அருகே அமெரிக்கா தனி ரேடார்களை அமைத்தது.

ரேடார் ரேடியோ அலையை விட்டு விட்டு வீசும். அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும். அதைக் கொண்டு காற்றின் வேகத்தைக் கண்டுபிடிப்பார்கள். திரும்பி வரும் அலை மிகவும் மெலிந்தது. பக்கத்தில் வேறு யாராவது அதே அலையில் பேசினால், ரேடார் குழம்பிவிடும்.

ஒரே பாதை

இந்த ரேடாரின் அலை வினாடிக்குச் சுமார் 560 கோடி முறை துடிக்கிறது. வைபை பெட்டிக்கும் அந்த அலை தேவைப்பட்டது. 2003–ம் ஆண்டு ஜெனீவாவில் நடந்த உலக ரேடியோ மாநாடு அதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: ரேடார் வந்தால் பெட்டி ஒதுங்க வேண்டும்!

எப்படித் தெரியும்?

பெட்டி பேசும் முன் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கிறது. ரேடாரின் அலை கடிகாரம்போல், "டக், டக்" என்று சீராக வரும். அது கேட்டால், பெட்டி வேறு அலைக்குப் போய்விடும். பேச்சின் நடுவே கேட்டால், 10 வினாடிக்குள் விலகவேண்டும். அரை மணி நேரம் அங்கே திரும்பக்கூடாது.

காதை மூடினால்?

2009–ம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஜுவான் நகரில் ரேடார் திரையில் பொய்க் கோடுகள் தோன்றின. அதிகாரிகள் தேடினார்கள். உயரமான கட்டிடங்களில் இருந்த கம்பி இல்லா கருவிகளே காரணம் என்று தெரிந்தது. சில கருவிகளில், ரேடாரைக் கேட்கும் "காது" வேலை செய்யவில்லை. கம்பெனிகளுக்கு அபராதம் விழுந்தது.

ஆம்புலன்சு மணி கேட்டால் வண்டிகள் ஒதுங்குகின்றன. காதை மூடிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு மணி கேட்குமா?

பெட்டி ஒரு நிமிடம் தாமதித்தால் கோபம் வேண்டாம். வேகத்துக்கு ஆசைப்பட்டு, நாட்டின் பெயரை மாற்றிக் கொடுத்து அதை ஏமாற்றவும் வேண்டாம். வீட்டுக்கு நஷ்டம் ஒரு நிமிடம். விமானத்துக்கு அதுவே உயிர்!