ஆடி மாதத்தில் ஈப்போவில் எங்கே கேட்கலாம்?

கல்யாண மண்டபங்கள் ஓய்வெடுக்கும் மாதம் இது. ஆடி பிறந்துவிட்டால் ஈப்போவின் மெல்லிசைக் குழுக்காரர்கள் கீபோர்டைத் துணி போட்டு மூடிவிட்டு ஆவணியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதே மாதத்தில் உறுமி மேளக்காரர்களுக்கோ தூங்கக்கூட நேரம் கிடைக்காது. ஒரே ஊர், ஒரே இசை உலகம். ஒருவர் வீட்டு அடுப்பு தணியும்போது இன்னொருவர் வீட்டு அடுப்பு மூண்டு எரிகிறது.

வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து வீடு திரும்பும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஈப்போவுல நேரடியா இசை கேட்க எங்க போறது?" அங்கே டிக்கெட் விற்கிறார்கள், முகநூலில் விளம்பரம் வருகிறது. இங்கே அப்படி எதுவும் கண்ணில் படுவதில்லை. அதனால் இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் ஈப்போவில் தமிழ் இசை கேட்க டிக்கெட் தேவையில்லை, சமையலறையில் தொங்கும் நாள்காட்டி போதும். வெள்ளி, பௌர்ணமி, பிரதோஷம், முகூர்த்த நாள் என்று அதில் எல்லாமே குறித்திருக்கிறது.

இந்த வாரப் பட்டியலைப் போட்டது நான் அல்ல. புந்தோங்கில் குடியிருக்கும் ஒரு தவில் கலைஞரிடம் கேட்டு வாங்கினேன். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். கோயிலில் தவில் வாசிப்பார். கல்யாணக் காலத்தில் மெல்லிசைக் குழுவிலும் தாளம் வாசிப்பார். "பேரெல்லாம் போடாதம்மா, நாளைக்கு எந்தக் கோயில்ல கூப்பிடுவாங்களோ, யாரு கண்டா" என்று சிரித்தார். ஆகவே இங்கே அவர் வெறும் 'அண்ணன்'. ஐந்து இடம் சொன்னார். வரிசையும் அவருடையதே. கூடவே ஒரு நிபந்தனை: எங்கே போனாலும் முதல் பத்து நிமிடம் கைப்பேசியை வெளியே எடுக்கக் கூடாது.

1. வெள்ளி மாலை, அபிஷேக நேரம்

ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயிலுக்குப் போகாத குடும்பம் குறைவு. ஆனால் நாம் போவது பெரும்பாலும் தீபாராதனை நேரத்துக்கு. அப்போது மணியும் சங்கும் கெட்டிமேளமும் ஒன்றாக முழங்கும். வாசிப்பை வாசிப்பாகக் கேட்க முடியாது. அண்ணன் சொல்லும் நேரம் அதற்கு முன்னால், அபிஷேகம் நடக்கும் நேரம். கூட்டம் குறைவாக இருக்கும். நாதசுவரக்காரர் அவசரமில்லாமல் ஒரு ராகத்தை எடுத்து விரிப்பார். தவில் அதற்கு இடம் கொடுத்து ஒதுங்கி, பிறகு மெல்ல நுழையும்.

தவிலைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பலா மரத்தைக் குடைந்து செய்த உடல். ஒரு கையில் குச்சி. மறு கை விரல்களில் கெட்டியான கூடுகள் மாட்டியிருப்பார்கள். தோலில் அவை விழும்போதுதான் அந்தக் கணீர் ஓசை பிறக்கிறது. நாதசுவரமோ ஆச்சா மரத்தில் செய்வது. தஞ்சை வட்டாரத்து நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாதசுவரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காலையில் பூபாளம், பௌளி, இரவு பள்ளியறை நேரத்தில் நீலாம்பரி என்று பொழுதுக்கு ஏற்ற ராகங்களை வாசிக்கும் மரபு இன்னும் சில கலைஞர்களிடம் இருக்கிறது.

எங்கே போகலாம் என்றதும் அண்ணன் முதலில் சொன்னது, தைப்பூசத்தன்று கல்லுமலைக்குக் காவடிகள் புறப்படும் புந்தோங் மகா மாரியம்மன் ஆலயத்தை. உங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயிலும் ஆகலாம். ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: கிளம்பும் முன் கோயில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, "இன்றைக்கு மேளம் உண்டா?" என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. பல சிறிய கோயில்களில் இப்போது சுவிட்சைத் தட்டினால் மணியும் முரசும் தானாக அடிக்கும் மின்சார மேளம் வந்துவிட்டது. அதற்குச் சம்பளம் இல்லை, விசா இல்லை, காய்ச்சல் வராது. நம் நாட்டுக் கோயில்களில் வாசிக்கும் நாதசுவர, தவில் கலைஞர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஒப்பந்தத்தில் வருபவர்கள். அனுமதி தாமதமானால் இயந்திரம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்தது எளிதில் எழுவதில்லை. மேளம் உண்டா என்று வாரத்துக்குப் பத்துப் பேர் கேட்டால், கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும்.

2. சனி இரவு, தோட்டத்துத் திருவிழா

ஈப்போவிலிருந்து வடக்கே அரை மணி நேரம் காரில் போனால் சுங்கை சிப்புட். 1948இல் அவசரகாலம் பிறக்கக் காரணமான கொலைகள் நடந்த எல்பில் தோட்டம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. வரலாற்றுப் புத்தகத்துக்கு அது போதும். அங்கே பிறந்தவர்களுக்குத் தோட்டம் என்றால் பெரட்டு, பால் வாளி, லயத்து வாசல், ஆண்டுக்கொருமுறை வரும் அம்மன் திருவிழா.

ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். லயங்கள் இடிந்தன. மக்கள் தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பல இடங்களில் மிஞ்சி நிற்பது கோயில் ஒன்றுதான். திருவிழா நாளில் மட்டும் செம்பனைக் காட்டுக்குள் கார்கள் வரிசையாக நிற்கும். எதிர் லயத்துக்காரரும் அடுத்த லயத்துக்காரரும் மறுபடி சந்தித்துக்கொள்வார்கள். சில தோட்டங்களில் சித்திரை, வைகாசியில் திருவிழா வரும், சிலவற்றில் ஆடியில். உங்கள் தாத்தா பாட்டியின் தோட்டத்தில் எப்போது என்று இன்று மதியச் சாப்பாட்டில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அங்கே கேட்க வேண்டியது உறுமி. இடை சுருங்கிய மேளம். ஒரு முகத்தைக் குச்சியால் தட்டுவார்கள். மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழுவதுதான் உறுமல். கூடவே தப்பு, பம்பை, ஜால்ரா என்று குழுவுக்குக் குழு மாறும். முதலில் நிதானமான நடை. பாடுபவர் தெய்வங்களின் பெயரைச் சொல்லி அழைப்பார். அடி மெல்ல மெல்ல ஏறும். யாருக்காவது அருள் வந்துவிட்டால் நல்ல உறுமிக்காரர் அவருடைய முகத்தைப் பார்க்க மாட்டார், கால்களைப் பார்ப்பார் என்கிறார் அண்ணன். கால் எப்படிப் போகிறதோ அப்படித்தான் அடி போக வேண்டும். இதை எந்த ஒலிப்பதிவும் செய்ய முடியாது.

உறுமிப் பையன்கள் என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு. தைப்பூசத்தில் சினிமா மெட்டு அடித்து ஆடுகிறார்கள் என்ற குறை சில குழுக்களுக்குப் பொருந்தும். அதை அண்ணனும் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுளிப்பில் பழைய கறை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தில் சாவுக்கும் திருவிழாவுக்கும் தப்பு அடிக்க ஒருவர் வேண்டும். பந்தி என்று வந்தால் அவருக்குக் கடைசி இடம் என்றிருந்த காலத்தை நம் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள். இன்று அதே மேளத்தைப் பிள்ளைகள் சீருடைச் சட்டை போட்டுக்கொண்டு, குழுப் பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டு, தலை நிமிர்ந்து அடிக்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

பக்கத்துச் சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் இசைக் கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்தது. 2016இல்தான் ஊர்வலப் பாதையின் சில இடங்களில் நேரடி இசைக்கு வழி விட்டார்கள். இங்கே நமக்குக் கையோடு இருக்கும் ஒன்றுக்காக அங்கே பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

3. ஞாயிறு காலை, இரண்டு வாசல்கள்

அண்ணன் மாரியம்மன் பக்தர். ஆனால் ஞாயிறு காலைக்கு அவர் சொன்னது சிலிபின் லூர்து அன்னை தேவாலயத்தின் தமிழ்த் திருப்பலி. பாடகர் குழு சேர்ந்து பாடும்போது எத்தனை குரல் ஒரே சுருதியில் நிற்கிறது என்று கவனிக்கச் சொல்கிறார். மெல்லிசைக் குழுக்களில் அவருடன் வாசிக்கும் கீபோர்டு, கிட்டார் கலைஞர்கள் சிலர் தேவாலயத்தில் வாசித்துப் பழகியவர்களாம். வாரந்தவறாமல், மக்கள் முன்னால், தப்பினால் உடனே தெரிந்துவிடும் இடத்தில் வாசிப்பதைப் போல் பயிற்சி வேறு இல்லை.

இரண்டாவது வாசல் குருத்வாரா. ஈப்போ சீக்கியர்களின் பழைய ஊர். ஞாயிறு காலைக் கீர்த்தனையில் ஆர்மோனியமும் தபேலாவும் இருக்கும். அவர்களுடைய புனித நூலின் பெரும்பகுதி ராகங்களின் பெயராலேயே பகுக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 31 ராகங்கள். தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்தால் போதும். யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். முடிந்ததும் சாப்பிடாமல் அனுப்பவும் மாட்டார்கள்.

4. வியாழன் இரவு, பஜனை

இது கேட்பவர்களுக்கானது அல்ல, பாடுபவர்களுக்கானது. சாயி நிலையங்களிலும் சில வீடுகளிலும் வியாழக்கிழமை பஜனை நடக்கும். ஒருவர் ஒரு வரி பாடுவார், மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். குரல் நன்றாக இல்லை என்ற சாக்கு அங்கே செல்லாது. கைத்தட்டலில் தாளம் தவறும் பிள்ளை மூன்றாவது வாரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்கிறார் அண்ணன். இசை வகுப்புக்குக் கட்டணம் கட்டும் முன் குழந்தைக்கு ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்க விரும்பும் பெற்றோருக்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது.

5. ஆவணி முகூர்த்தம், உங்கள் வீடு

ஐந்தாவது இடம் எது என்று கேட்டபோது அண்ணன் கொஞ்சம் நேரம் பேசவில்லை. பிறகு, "ஆவணியில யார் வீட்டுல கல்யாணமோ, அந்த வீடு" என்றார்.

கல்யாணச் செலவு எப்படிப் போகிறது என்று நமக்குத் தெரியும். மண்டபம், சாப்பாடு, மேடை அலங்காரம், படம் பிடிப்பவர், ஒப்பனை. இசை கடைசியில் வரும். அப்போது கையில் மிச்சமிருப்பது குறைவு. ஐந்து பேர் கொண்ட மெல்லிசைக் குழு என்று பேசத் தொடங்கி, மூன்று பேராகி, கடைசியில் பதிவு செய்த பின்னணி இசைக்கு ஒருவர் மட்டும் பாடுவதில் வந்து நிற்கும். தாலி கட்டும் நேரத்து நாதசுவரம்கூடச் சில இடங்களில் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. வானொலியில் பாட்டு ஒலிபரப்புவது என் தொழில். பதிவு செய்த இசையை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தப் பதிவுக்கு மாப்பிள்ளையின் கை நடுங்குவது தெரியாது. முடிச்சு விழும்வரை கெட்டிமேளத்தை நீட்டிப் பிடிக்க எதிரே ஓர் ஆள் வேண்டும்.

ஆவணிக்கு நாள் குறித்தவர்களுக்கு அண்ணன் தரும் ஆலோசனை இது. இசைக்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். குழுவைப் பேசும்போது, எத்தனை பேர் உண்மையில் வாசிப்பார்கள், எது பதிவில் வரும் என்று நேராகக் கேளுங்கள். வேண்டிய பாடல்களை இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆடியில் பயிற்சிக்கு அவர்களுக்கு நேரம் இருக்கிறது. நாதசுவரக்காரரை மண்டபத்தின் மூலையில், ஏர்கான் காற்றுக்கு நேரே உட்கார வைக்காதீர்கள், சீவாளி காய்ந்துவிடும். சாப்பாட்டை மறக்காதீர்கள். பேசிய பணத்தை அன்றே, கையில் கொடுங்கள்.

கடைசி விஷயம் பெற்றோருக்கு. கலை கற்கத் தொடங்க நம்மவர்கள் பார்க்கும் நாள் விஜயதசமி. அதற்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. பரதத்துக்கும் வாய்ப்பாட்டுக்கும் இடம் தேடுகிறோம். நாதசுவரமும் தவிலும் நம் நினைவுக்கே வருவதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் கற்றுக்கொண்டால் எந்த விசாவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கோயிலில் வாசிப்பவரிடம் போய்ச் சொல்லித் தருவீர்களா என்று கேளுங்கள். அண்ணனிடம் இப்போது மூன்று பேர் படிக்கிறார்கள். நான்காவது தவில் ஒன்று வீட்டில் சும்மாதான் இருக்கிறதாம்.