வண்டிக்காரன் சாரதியாகவில்லை

அண்மையில் எமது பிரதேசத்தில் நடந்த ஒரு கவிதை நூல் வெளியீட்டு விழாவிலே, தலைமை வகித்த பெரியவர் ஒருவர் செயற்கை நுண்ணறிவு பற்றியும் நாலு வார்த்தை சொன்னார். "மாட்டு வண்டி போனது, பஸ் வந்தது. வண்டிக்காரன் போனான், சாரதி வந்தான், கொண்டக்டர் வந்தான். வேலை அழிவதில்லை, உருமாறுகிறது. எமது பிள்ளைகள் கணினியைப் படித்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை" என்பது அவர் பேச்சின் சாரம். மண்டபம் கைதட்டியது. பெரியவர் மீது எனக்கு மதிப்புண்டு. அவருடைய கதைகளைப் படித்து எழுத வந்தவன் நான். ஆனால் அந்தக் கைதட்டலில் என் கை சேரவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இக்குறிப்பு.

வண்டிக்காரன் சாரதியானானா? ஆகவில்லை. சாரதியானவன் வேறொருவன். வயதில் இளையவன், லைசன்ஸ் எடுக்கக் கையில் காசிருந்தவன், பெரும்பாலும் வேறு ஊரவன். வண்டிக்காரன் மாட்டை விற்றான், வண்டியை விறகாக்கினான், மிச்சக் காலத்தைக் கூலிக்குப் போய்க் கழித்தான். 'வேலை உருமாறுகிறது' என்ற வாக்கியத்தில் வேலை இருக்கிறது, அதைச் செய்த மனிதன் இல்லை. இலக்கியக்காரர்களாகிய நாமும் அந்த மனிதனை விட்டுவிட்டுப் பேசலாமா?

இங்கிலாந்தின் கதையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். 1811இல் நொட்டிங்காமில் லட்டைட்டுகள் எனப்பட்ட தொழிலாளர் இயந்திரங்களை உடைத்தனர். 1812இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயந்திரம் உடைப்பதை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கியது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தனது முதற் பேச்சையே அந்தச் சட்டத்துக்கு எதிராகத்தான் பேசினார். (எமது கவிஞர்கள் கவனிக்க.) பிறகு நாடு செல்வம் கொழித்தது உண்மை. ஆனால் பொருளியல் வரலாற்றாசிரியர் றொபர்ட் அலன் கணக்கிட்டுக் காட்டியிருப்பது இது: 1780க்கும் 1840க்கும் இடையில் அங்கே ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46 வீதம் கூடியது, அவருடைய உண்மைக் கூலி 12 வீதம் மட்டுமே கூடியது. அறுபது ஆண்டுகள்! கைத்தறியில் இருந்தவன் செத்து, அவன் மகன் கிழவனாகும் காலம். 1820களில் அந்நாட்டில் ஏறத்தாழ 240,000 பருத்திக் கைத்தறி நெசவாளர் இருந்தனர். நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. 'இறுதியில் எல்லாம் சரியாகிவிடும்' என்பவர்களிடம் ஒன்றுதான் கேட்க இருக்கிறது: அந்த இறுதி வரும்வரை சோறு போடுவது யார்?

இங்கிலாந்து வரை போக வேண்டியதுமில்லை. பக்கத்தில் மருதமுனை இருக்கிறது. அந்த ஊரின் பேரைச் சொன்னால் சாரன் ஞாபகம் வரும் அளவுக்குத் தறி ஓடிய ஊர். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்து விட்டார்கள். வெளிநாட்டு விசைத்தறித் துணி மலிவாக வந்து குவிந்தது. நாட்டின் கைத்தறியே ஆட்டம் கண்டது, மருதமுனையும் தப்பவில்லை. இன்றும் அங்கே தறிச் சத்தம் கேட்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீட்டுக்கு வீடு கேட்ட சத்தம் அல்ல அது. தறியை விட்டவர்களில் எத்தனையோ பேர் மத்திய கிழக்குக்குப் போனார்கள். அங்கே அவர்கள் இயந்திரப் பொறியியலாளராகவா போனார்கள்?

தறி வீட்டில் ஒரு ஒழுங்கு இருந்தது. சின்னப் பிள்ளை நூல் சுற்றிக் கொடுக்கும். கொஞ்சம் வளர்ந்தால் அறுந்த இழையை முடிச்சுப் போடும். பிறகுதான் தறியில் குந்த விடுவார்கள். அச்சகத்திலும் இதே கதைதான். அச்சடித்து முடிந்த ஈய எழுத்துக்களைப் பிரித்துப் பெட்டியில் போடுகிற பொடியன்தான் பிற்காலத்தில் கோப்பாளன் ஆனான். கணக்காளர் கந்தோரிலும் பற்றுச்சீட்டுக் கட்டை அடுக்கிக் கூட்டல் பார்த்தவன்தான் பிறகு கணக்காய்வாளர் ஆகிறான். எந்தத் தொழிலுக்கும் ஒரு முதற்படி உண்டு. சலிப்பான, சம்பளம் குறைந்த, ஆனால் ஏறியே ஆகவேண்டிய படி.

இந்தப் புதிய இயந்திரம் முதலில் கை வைப்பது அந்தப் படியில்தான். இது என் கற்பனையல்ல. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் சம்பளப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டனர். செயற்கை நுண்ணறிவின் தாக்கம் அதிகமுள்ள தொழில்களில், 22 முதல் 25 வயது வரையான இளைஞரின் வேலைவாய்ப்பு ஏனையோருடன் ஒப்பிடுகையில் 13 வீதம் சரிந்திருந்தது. அதே தொழில்களில் அனுபவமுள்ள மூத்தவர்களுக்கு அப்படியொரு சரிவு இல்லை. ஏணியின் மேற்படியில் நிற்பவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கீழ்ப்படியைத்தான் கழற்றுகிறார்கள். மேடையில் நின்று 'பயப்படாதீர்கள்' என்று சொல்பவர்கள் எல்லோரும் ஏன் ஐம்பது வயதைத் தாண்டியவர்களாக இருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது.

இன்னொரு விடயம் எம்மவர் பேசாதது. சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, இந்த இயந்திரத்தால் மிக அதிகம் பாதிக்கப்படக்கூடியது எழுதுவினைஞர் வேலைதான் என்றது. அதனால் ஆண்களைவிடப் பெண்களே இரு மடங்குக்கு மேல் பாதிக்கப்படலாம் என்றும் சொன்னது. எமது கிராமங்களில் இதன் பொருள் என்ன? இருபது வருடங்களுக்கு முன்பு எங்கள் பெண் பிள்ளைகள் உயர்தரம் முடித்தால் ஆசிரியத் தொழில், இல்லையேல் அடுப்படி. பிறகு கணினி வந்தது. தட்டச்சு, மொழிபெயர்ப்பு, கல்யாணக் காட் வடிவமைப்பு, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் சில்லறை எழுத்து வேலை என்று சில வாசல்கள் திறந்தன. வாப்பாவோ காக்காவோ தடை சொல்ல முடியாத வேலைகள், ஏனென்றால் வீட்டுப் படி தாண்டத் தேவையில்லை. எத்தனையோ பேர் அந்தக் காசில் தங்கச்சியைப் படிப்பித்தார்கள். தனக்கென்று வங்கிப் புத்தகம் வைத்திருந்தார்கள். இயந்திரம் இன்று மிக இலகுவாகச் செய்வது சரியாக இந்த நான்கைந்து வேலைகளைத்தான். 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை பெண் கல்விக்காகக் கத்திய கத்தலுக்கு ஒரு நூற்றாண்டு கழித்துக் கிடைத்த பலன்களில் ஒன்று இது. அதை ஒரு கைதட்டலோடு அனுப்பி வைக்கப் பார்க்கிறோம்.

ஊரைக் குறை சொல்லிக்கொண்டே போனால் நான் யோக்கியன் என்று ஆகிவிடும். ஆகவே என் கதையையும் எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு தவணைக்கும் தமிழ்ப் பரீட்சைத் தாளைக் கையால் எழுதி, சந்தியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடையில் கொடுப்பேன். அங்கே தட்டச்சுச் செய்பவர் என்னிடம் படித்த பிள்ளை. தாளில் நான் விட்ட பிழைகளையும் பென்சிலால் வட்டமிட்டு, "சேர், இந்த றகரம் சரியா?" என்று கேட்பார். போன வருடம் முதல் நான் கைபேசியிடம் வாயால் சொல்கிறேன், அது எழுதித் தருகிறது. வினாக்களில் பாதியை அதுவே யோசித்தும் தருகிறது. நேரம் மிச்சம், காசும் மிச்சம். நான் மட்டுமல்ல, எங்கள் பாடசாலையில் முக்கால்வாசி ஆசிரியர்கள் இதையேதான் செய்கிறோம். சென்ற தவணை கடைக்குப் போனபோது அந்தக் கதிரை காலியாக இருந்தது. "தட்டச்சு வேலை வாறதில்லை சேர், வர வேணாமெண்டுட்டன்" என்றார் முதலாளி. அவர் மீது எனக்குக் கோபமில்லை. வேலையை இயந்திரம் எடுத்தது என்று சொல்வதும் பொய். எடுத்தவன் நான்.

அந்த விழாவில் வெளியிட்ட தொகுதியின் அட்டையையும் சொல்ல வேண்டும். கடற்கரையில் ஒரு மூதாட்டி வலை பின்னும் படம். இயந்திரம் வரைந்தது. அந்த உம்மம்மாவின் இடது கையில் ஆறு விரல்! முன்பென்றால் ஊரில் சித்திரம் படிப்பிக்கும் யாரோ ஒருவர் வரைந்திருப்பார். ஏதோ கொஞ்சம் பணமும் உள்ளே ஒரு நன்றிக் குறிப்பும் அவருக்குக் கிடைத்திருக்கும். உழைப்பாளியைப் பாடும் கவிதைகளுக்கு உழைப்பாளி தேவைப்படாத அட்டை.

இந்த இயந்திரம் வானத்திலிருந்து இறங்கியதுமல்ல. அதைப் பழக்குவதற்கு அருவருப்பான எழுத்துக்களை வாசித்து வகைப்படுத்தும் வேலையைக் கென்யாவிலுள்ள இளைஞர்களிடம் மணிக்கு இரண்டு டொலருக்கும் குறைவான கூலிக்குக் கொடுத்ததை 'டைம்' சஞ்சிகை 2023 ஜனவரியில் வெளிக்கொணர்ந்தது. எழுத்தாளர்களின் நூல்களைத் திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கி வைத்திருந்த விவகாரத்தில் அந்த்ரோபிக் எனும் நிறுவனம் 2025இல் 150 கோடி டொலருக்கு உடன்பட்டது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்த நூல்களுக்குத்தான் அந்தப் பணம். முந்நூறு பிரதி அச்சடித்து நூற்றைம்பதை இலவசமாகக் கொடுக்கும் எமது எழுத்தாளர்கள் அங்கே எப்போது போய்ப் பதிவது? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் எம்முடையது. இங்கே வியர்வை யாருடையது என்பதே மறைக்கப்பட்டுவிட்டது.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் ஹறாம் என்று சொல்லிவிடுவோம்' என்று ஒரு சாரார் கிளம்புவர். தயவுசெய்து என்னை அவர்களோடு சேர்க்க வேண்டாம். இஸ்தான்பூலில் இப்றாஹீம் முதஃபர்ரிகாவுக்கு அச்சகம் நடத்த அனுமதி கிடைத்தது 1727இல், அதுவும் மார்க்க நூல்களை அச்சிடுவதில்லை என்ற நிபந்தனையோடு. ஐரோப்பாவில் அச்சு வந்து இரண்டரை நூற்றாண்டு கடந்திருந்தது. அந்தத் தாமதத்தின் விலையை உம்மத் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. பயமுறுத்துகிறவர்களும் தவறுவார்கள். இத்துறையின் முன்னோடியான ஜெப்ரி ஹின்டன் 2016இல், கதிரியக்கப் படம் பார்க்கும் வைத்தியர்களை இனிப் பயிற்றுவிக்கத் தேவையில்லை என்றார். பத்து வருடம் ஓடிவிட்டது, அந்த வைத்தியர்களுக்கு இன்னும் தட்டுப்பாடுதான்.

ஆகவே இயந்திரம் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. மிச்சமாகும் காசு எங்கே போகிறது என்று கேட்பதுதான் என் கட்சி. 2023இல் ஹொலிவூட் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, இயந்திரம் எழுதியதைக் காட்டித் தங்கள் கூலியைக் குறைக்க முடியாது என்று ஒப்பந்தத்தில் எழுதுவித்தார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. போட்டோக்கொப்பிக் கடைப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? எங்கள் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டுக்கு வீதிக்கு இறங்கும், நானும் இறங்கியிருக்கிறேன். பாடசாலைத் தாள்களை ஊரிலுள்ள பிள்ளைகளிடம் கூலி கொடுத்துச் செய்விப்போம் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்ற அவற்றுக்கு எவ்வளவு நேரம் செல்லும்? ஆறுவிரல் அட்டை போடமாட்டோம் என்று எமது சஞ்சிகைகளும் பதிப்பாளர்களும் சொல்ல எவ்வளவு செலவாகும்?

'கணினி படி' என்று பிள்ளைகளுக்கு நானும் பத்து வருடமாகச் சொன்னேன். படித்தார்கள். கடையில் கதிரை காலியான அந்தப் பிள்ளையும் நான் சொல்லித்தான் கணினி வகுப்புக்குப் போனவர். இப்போது அவருக்கு வேறு எதைப் படிக்கச் சொல்வது என்று பெரியவர் எழுதட்டும். மறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இச்சஞ்சிகையின் ஆசிரியர் இடம் தருவார் என்று நம்புகிறேன். அடுத்த தவணைத் தாளை நான் கையால் எழுதத் தொடங்கியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதாக உத்தேசம்.