தண்ணி உள்ளே போகாது, சரி. காத்து வெளியே வருமா?

கொஞ்சம் நீளமான இழை. டியூட்டி முடிச்சு வந்து உட்கார்ந்து எழுதறேன். டைவிங் போற பழக்கம் உள்ளவங்களும், எல்இடி, பேட்டரின்னு எதையாவது நோண்டிட்டே இருக்கற தம்பிகள் வீட்ல இருக்கறவங்களும் பொறுமையா படிங்க.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். 24 வயதுத் தம்பி ஒருவரை நண்பர்கள் கேஷுவாலிட்டிக்குத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரிடம் கேட்டு, "எழுதுங்க சார்" என்ற பிறகுதான் எழுதுகிறேன்.) இடது கன்னம் வீங்கியிருந்தது. புருவத்துக்கு மேலே கிழிசல். கண்ணைத் திறக்க முடியவில்லை.

பைக்கில் விழுந்திருப்பார் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"இல்ல சார், லைட்டு வெடிச்சிருச்சு."

என்ன லைட்டு? கடலுக்கடியில் கொண்டுபோகும் லைட்டு. அவரே செய்தது. பிளம்பிங் கடை பிவிசி பைப், பின்பக்கம் திருகு மூடி, முன்பக்கம் அக்ரிலிக் வட்டத் தகடு, உள்ளே 100 வாட் எல்இடி, பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த 18650 லித்தியம் செல்கள் எட்டு. மொத்தச் செலவு 4,000 ரூபாய்க்குள். அதே வெளிச்சத்துக்குக் கடையில் விலை கேட்டால் தலை சுற்றும்.

15 மீட்டர் ஆழத்தில் லைட் மினுக் மினுக்கென்று மின்னி அணைந்துவிட்டது. மேலே வந்தாச்சு. கரையில் உட்கார்ந்து, என்ன ஆச்சுன்னு பார்க்கலாம் என்று பின்மூடியைத் திருகியிருக்கிறார். கடைசிச் சுற்றில் மூடி பறந்து வந்து முகத்தில் அடித்தது. "திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசம் வந்துச்சு சார்" என்றார் கூட வந்த பையன். அந்த ஒரு வரியில் பாதிக் கதை இருக்கு. பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிடறேன். "வீட்ல இதெல்லாம் செய்யாதீங்க" என்று சொல்ல நான் வரலை. சொன்னா கேட்க மாட்டீங்க. நானே கேட்க மாட்டேன். ஹாஸ்டலில் கரண்ட் போனால் படிக்க, செத்த லேப்டாப் செல்லில் எமர்ஜென்சி லைட் செய்தவன்தான் நான். கையால் ஒன்றைச் செய்து, அது எரியும்போது வருகிற சந்தோஷம் எனக்கும் தெரியும்.

என் வாதம் ஒன்றே ஒன்று. இந்த லைட்டைச் செய்கிற எல்லாரும் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க மட்டும் யோசிக்கிறாங்க. உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வழி இருக்கான்னு யாரும் யோசிக்கறதில்ல. என்கிட்ட வர்ற காயம் அந்த இரண்டாவது விஷயத்தால்தான்.

கணக்கு ரொம்ப எளிது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கூடும். 8 செ.மீ. விட்டமுள்ள மூடி என்றால் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். 30 மீட்டர் ஆழத்தில் அந்த மூடியைத் தண்ணீர் 150 கிலோ எடையோடு உள்ளே அழுத்துகிறது. இது எல்லாருக்கும் தெரியும். அதனால் கனமான அக்ரிலிக், இரட்டை ஓ-ரிங் எல்லாம் போடுகிறார்கள். நல்லது.

இப்போ எங்கேயோ ஒரு முடி, ஒரு மணல் துகள் ஓ-ரிங்குக்கு அடியில் மாட்டியிருக்கு. 15 மீட்டரில் தண்ணீர் கசிந்து உள்ளே ஏறுகிறது. எவ்வளவு ஏறும்? உள்ளே இருக்கிற காற்று நசுங்கி, வெளியே உள்ள அதே அழுத்தத்துக்கு வரும்வரை. அதாவது லைட் இப்போது 15 மீட்டர் அழுத்தத்தை வயிற்றில் வாங்கி வைத்திருக்கிறது. மேலே வரும்போது வெளி அழுத்தம் குறைகிறது. உள்ளே இருப்பது வெளியேறப் பார்க்கிறது. ஆனால் ஓ-ரிங் இப்போது பள்ளத்தின் மறுபக்கம் நகர்ந்து கச்சிதமாக அடைத்துக்கொள்கிறது. கரைக்கு வந்த லைட்டின் மூடிக்குப் பின்னால் 75 கிலோ விசை காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு ஆள் எடை. நீங்க குனிஞ்சு, மூஞ்சியை நேரா வச்சு, அதைத் திருகறீங்க.

இது கசிவால் மட்டும் வரும் அழுத்தம். அந்த பிளீச்சிங் பவுடர் வாசம் என்ன? உப்புத்தண்ணீருக்குள் பேட்டரி கரண்ட் பாய்ந்தால் ஒரு முனையில் குளோரின், மறுமுனையில் ஹைட்ரஜன். பிளஸ் டூ வேதியியல். தண்ணீர் ஏறிய லைட் சும்மா இருப்பதாக நினைக்காதீங்க, அது உள்ளே வாயு தயாரித்துக்கொண்டிருக்கும். ஹைட்ரஜன் எரியும் வாயு. பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்திருந்தால் கதையே வேறு.

லித்தியம் செல் ஷார்ட் ஆகிச் சூடேறினால் இன்னும் மோசம். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கலாம். சுவாசித்தவர் முதலில் நன்றாகவே இருப்பார். "ஒண்ணுமில்ல சார், லேசா இருமல்" என்று வீட்டுக்குப் போவார். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரலாம். பேட்டரிப் புகையை வாங்கினவங்க தயவுசெய்து ஆஸ்பத்திரிக்கு வந்து, "லித்தியம் பேட்டரிப் புகை" என்று வார்த்தை மாறாமல் சொல்லுங்க. சும்மா "புகை"ன்னு சொன்னா எங்களுக்குப் பாதிதான் தெரியும்.

பிவிசி பைப்பில் 6 கேஜி, 10 கேஜி என்று போட்டிருப்பதை நம்பி வாங்குகிறார்கள். அது பைப்புக்கு உள்ளே ஓடும் தண்ணீருக்கான கணக்கு. வெளியிலிருந்து கடல் அழுத்துவதற்கான கணக்கு இல்லை. உள்ளே காற்றழுத்தத்தை அடைத்து வைக்கவும் பிவிசி ஆகாது. உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். அக்ரிலிக் சில்லு கண்ணுக்குள்ளோ சதைக்குள்ளோ போனால் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. தேடி எடுப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும்னு ஆயிடும்.

கேஷுவாலிட்டிக்குத் திரும்புகிறேன். தம்பியின் கண்ணில் கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கியிருந்தது. கண்ணை மூடித் தடுப்பு வைத்து, தலையை உயர்த்திப் படுக்கவைத்து, கண் மருத்துவர் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். பார்வை தப்பித்தது. ஆனால் அந்தக் கண்மணி இன்னும் சரியாகச் சுருங்குவதில்லை. வெயிலில் கண்ணாடி இல்லாமல் அவரால் நடக்க முடியாது.

வரும் வழியில் யாரோ ஒரு பெரியவர் விளக்கெண்ணெய் விடச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, நண்பர்கள் விடவில்லை. கண்ணில் அடிபட்டால் எண்ணெய், தாய்ப்பால், கையில் கிடைத்த சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். தேய்க்கவோ அழுத்தவோ வேண்டாம். ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து, கண்ணைத் தொடாமல் மேலே ஒட்டிக்கொண்டு கிளம்புங்க. வலிக்கு பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போட்டால் ரத்தக்கசிவு கூடலாம்.

சரி, செய்தே தீருவேன் என்பவர்களுக்கு.

ஒருவழி பிரஷர் ரிலீஃப் வால்வு வாங்கிப் போடுங்க. உள்ளே அழுத்தம் ஏறினால் தானாக வெளியே விடும், வெளித்தண்ணியை உள்ளே விடாது. நல்ல கம்பெனி லைட்டுகள் பலவற்றில் இது இருக்கிறது. ஓரத்தில் சின்னதாக இருப்பதால் நகல் எடுப்பவர்கள் கண்ணில் படுவதில்லை.

பழைய லேப்டாப் செல் வேண்டவே வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குத் தேய்ந்திருக்கும். ஒரே ரகப் புது செல், பாதுகாப்பு சர்க்யூட்டோடு. 100 வாட் எல்இடிக்குப் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் மாறும். பிவிசி வெப்பத்தைக் கடத்தாது. எனவே எல்இடி உட்காரும் தலைப்பகுதி தண்ணீரைத் தொடும் அலுமினியமாக இருக்கணும். தண்ணிக்கு வெளியே எரிய விடக்கூடாது.

முதல் தடவை இறக்கும்போது உள்ளே பேட்டரி வேண்டாம், எல்இடி வேண்டாம், நீங்களும் வேண்டாம். வெறும் பெட்டிக்குள் ஒரு டிஷ்யூ பேப்பர், வெளியே ஒரு கல், ஒரு கயிறு. நீங்கள் போகப்போகும் ஆழத்தைவிட அதிகமாக இறக்கி, ஒரு மணி நேரம் விட்டுத் தூக்குங்க.

அப்படியும் தண்ணீர் ஏறினால், கரையில் ஆள் இல்லாத பக்கம் மூடியைத் திருப்பி வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் நின்று மெல்லத் தளர்த்துங்க. உஸ்ஸென்று சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்தி, முழுசா இறங்க விடுங்க. சுட்டாலோ புகைந்தாலோ தொடவே வேண்டாம். படகின் அறைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் கொண்டு போகாதீங்க.

சார்ஜ் போடுவதும் அப்படித்தான். 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியா கடலில் கன்செப்ஷன் என்ற டைவிங் படகு விடியுமுன் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் இருந்த 34 பேர் இறந்தார்கள். தீ எதனால் தொடங்கியது என்று விசாரணையில் உறுதியாகவில்லை. ஆனால் அடுத்த சில நாட்களிலேயே அமெரிக்கக் கடலோரக் காவல்படை, ஆள் பார்க்காமல் லித்தியம் பேட்டரி சார்ஜ் போடுவதைக் கட்டுப்படுத்தும்படி படகுகளுக்கு அறிவுறுத்தியது. தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கற பழக்கம் நம்ம வீட்டுலயும் உண்டு.

இன்னொரு கேள்வி. 100 வாட் எதுக்கு? கலங்கிய தண்ணீரில் வெளிச்சத்தைக் கூட்டினால், மூடுபனியில் ஹை பீம் போட்ட மாதிரி முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். பரந்த 100 வாட்டைவிடக் குறுகலாகக் குவிந்த 10 வாட் அங்கே அதிகம் காட்டும். வீடியோ எடுப்பவர்களுக்கு வேணும்னா பெரிசு தேவைப்படலாம்.

அதைவிட முக்கியம், இரண்டாவது லைட். குகைக்குள் டைவ் செய்கிறவர்கள் ஆளுக்கு 3 விளக்கு வைத்திருப்பது சும்மா பகட்டுக்கு இல்லை. இருட்டில் இருக்கிற ஒரே லைட் அணைந்தால் மனுஷன் என்ன செய்வான்? மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வான். ஸ்கூபா சிலிண்டரில் சுவாசிப்பவருக்கு அதுதான் எமன். 10 மீட்டரில் நுரையீரலில் இருக்கும் 6 லிட்டர் காற்று, மேலே வரும்போது 12 லிட்டர் ஆகப் பார்க்கும். வாயை மூடியிருந்தால் நுரையீரல் கிழியும், காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். (மேலேயே மூச்சு இழுத்துப் பிடித்துக்கொண்டு முங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) அதற்கான அழுத்த அறைச் சிகிச்சை எல்லா ஊர் ஜிஎச்சிலும் கிடையாது. அந்தப் பைப்புக்கும் உங்க நெஞ்சுக்கும் ஒரே விதிதான்.

"யூடியூப்ல ஆயிரம் பேர் செய்றாங்களே அண்ணா" என்று கமெண்ட் வரும். வரட்டும். கண் போனவங்க வீடியோ போடறதில்ல, தம்பி.

போன வாரம் அவர் கண் பரிசோதனைக்குப் போய்விட்டு வரும் வழியில் என்னைப் பார்க்க வந்தார். கறுப்புக் கண்ணாடி. கையில் ஒரு நோட்டு. அடுத்த லைட்டுக்கான படம். அம்மாவுக்குத் தெரியாதாம். திட்டலாம் என்றுதான் வாங்கினேன். அலுமினியத் தலை, 10 வாட், ஓரத்தில் வால்வு, அதற்கு சிவப்பு மையில் வட்டம். செல்லுக்குப் பக்கத்தில் மட்டும் "பழசு?" என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு "புதுசு" என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் வெறும் பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கப் போகிறாராம். டிஷ்யூ நனையாம வந்தா போட்டோ அனுப்பறேன்னு சொல்லியிருக்கார்.