பேச்சு நின்றால் ஆளை மாற்றுவதா?

அக்கா மகன் போன வாரம் ஆலப்புழை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினான். மூன்று நாள் லீவு. வழக்கமாக வந்ததும் ஃபோர்ட்கொச்சி, மீன் பொரியல் என்று கிளம்புகிறவன், இந்தத் தடவை பையைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினான். மெமோ.

"மாமா, இதுக்கு நீங்கதான் இங்கிலீஷ்ல பதில் எழுதித் தரணும்."

பி.காம் முடித்து இருபது வருஷமாக வங்கியில் ஆணி பிடுங்குகிறவனுக்கு மெமோவும் அதற்குப் பதிலும் கைவந்த கலை :-) ஆனால் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. குற்றம்: அனுமதியின்றி ரோபோ கண்ட்ரோலர் பெட்டியைத் திறந்தது.

நடந்தது இது. ஓரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி (பெயர் வேண்டாம், பையன் அங்கேதான் சம்பளம் வாங்குகிறான்). வெல்டிங் லைனில் ஒரு ரோபோ பாதி வேலையில் நின்றது. டிரைவோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று திரையில் அலாரம். அணைத்துப் போட்டால் ஓடும், அரைமணியோ ஒருமணியோ கழித்து மறுபடி நிற்கும். வெளியிலிருந்து சர்வீஸ் ஆள் வந்தார், பத்து நிமிஷம் பார்த்தார், "டிரைவ் போச்சு" என்றார். பல லட்சம் கொடுத்துப் புது டிரைவ் மாட்டினார்கள். மூன்றாம் நாள் அதே அலாரம். "அப்படின்னா கண்ட்ரோல் கார்டு" என்றார்கள். அதற்கும் கொட்டேஷன் வந்தது. அன்று இரவு ஷிப்டில் இருந்த நம்ம பையன் மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, உள்ளே தேங்கிய கரண்ட் இறங்கும்வரை காத்திருந்து, பெட்டியைத் திறந்திருக்கிறான். முன்பு யாரோ புது வயர் இழுத்தபோது எல்லாவற்றையும் சேர்த்து பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு ஃபைபர் கேபிளும் மாட்டி, ஒடிகிற மாதிரி மடங்கிக் கிடந்தது. டையை வெட்டினான், ஸ்டோரில் இருந்த வேறு கேபிளை மாட்டினான். அதற்கப்புறம் ரோபோ நிற்கவேயில்லை.

அதற்குத்தான் மெமோ.

எனக்கு ரோபோ தெரியாது. ஆனால் 'லிங்க் இல்லை' தெரியும். வங்கியில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் அந்த வார்த்தையின் கனத்தைச் சொல்வார்கள். சில வருஷம் முன்பு மட்டாஞ்சேரியில் எங்கள் கிளையில் ஒரு மழைக்காலம் முழுக்க அந்தப் பாட்டுதான். கவுண்டரில் மிளகு மண்டிக்காரர்கள் சத்தம் போட, நாங்கள் திருதிருவென்று விழிப்போம். வந்தவர்கள் ரூட்டரை மாற்றினார்கள், பிறகு மோடத்தை. கடைசியில் எங்கள் அட்டெண்டர் சேட்டன் தான், "சாறே, பெட்டிக்கு குழப்பமில்லா, வயரா ப்ரஸ்னம்" என்று வாசலுக்கு வெளியே இருந்த இணைப்புப் பெட்டியைக் காட்டினார். கடல் காற்று பட்டுப் பட்டு உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. சுரண்டித் துடைத்து முறுக்கி மூடினார்கள், லிங்க் வந்தது. மாற்றிய ரூட்டரும் மோடமும் குற்றமற்றவை என்று யாரும் எழுதவில்லை. அந்தச் செலவு இன்னொரு கணக்குத் தலைப்பில் ஓசைப்படாமல் போய்ச் சேர்ந்தது.

பையன் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். ரோபோவின் கையில் பொதுவாக ஆறு மூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். அந்த மோட்டார்களுக்கு அளந்து மின்சாரம் கொடுக்கிறதுதான் டிரைவ். 'இவ்வளவு திரும்பு' என்று மூளையான கம்ப்யூட்டர் சொல்ல, 'திரும்பிவிட்டேன்' என்று இது சொல்ல, ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை பேச்சு நடக்கிறது. பேச்சு ஒரு கணம் அறுந்தாலும் ரோபோ நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் தலைக்கு ஆபத்து. ஃபானுக்கில் இந்தப் பேச்சு ஃபைபர் கேபிளில் போகிறது, அறுந்தால் எஸ்ஆர்விஓ-057 என்று வரும். ஏபிபியின் ஐஆர்சி5ல் 39520. கூகாவின் கேஆர்சி4ல் ஈதர்கேட் வழியில் ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலி போல் கோத்திருக்கும். கம்பெனிக்கு ஒரு பெயர், ஒரு எண். செய்தி ஒன்றுதான்: பேச்சு நின்றுவிட்டது. யார் செத்தார்கள் என்று அலாரம் சொல்லவில்லை. பேசுகிறவர், கேட்கிறவர், நடுவில் உள்ள வழி, இருவருக்கும் சோறு போடுகிற 24 வோல்ட் சப்ளை, இதில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு உதாரணம். பாஸ்புக்கும் கேஷ்புக்கும் ஒத்துப்போகவில்லை. என்ன செய்வோம்? சரிக்கட்டும் பட்டியல் போட்டு எந்தத் தேதியில் எந்தச் செக்கில் வழி பிரிந்தது என்று பார்ப்போம். கேஷ்புக்கைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிற ஆளை எந்த ஆடிட்டர் மன்னிப்பார்? இங்கேயும் அதேதான். பேச்சு அறுந்ததும் பின்னாலேயே பத்துப் பதினைந்து அலாரம் வரிசை கட்டும். கடைசியாக வந்ததைப் பிடித்துத் தொங்கக்கூடாது, நேரத்தைப் பார்த்து முதலில் வந்ததைப் பிடிக்க வேண்டும். ஈதர்கேட்டில் ஒவ்வொரு கருவியின் ஒவ்வொரு வாயிலிலும் எத்தனை தடவை இணைப்பு அறுந்தது என்று எண்ணிக்கையே பதிவாகிறது. சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? மதிய வெயிலில் மட்டும் நிற்கிறதா, அப்படியானால் பெட்டியின் விசிறியைப் பார். பக்கத்து மெஷின் ஓடும்போது மட்டுமா, எர்த்தைப் பார். எல்லாம் காசில்லாத வேலை.

இதில் எனக்குக் கோபம் வந்த இடம் எது தெரியுமா? ஃபானுக் பராமரிப்புக் கையேட்டிலேயே இந்த 057க்குப் பரிகாரம் வரிசையாக இருக்கிறது. முன்வரிசையில் ஃப்யூஸும் ஃபைபர் கேபிளும், கார்டும் முழு ஆம்ப்ளிஃபையரும் பின்னால்தான். செய்தவனே 'கேபிளைப் பார்' என்கிறான், நம்ம ஊர் சர்வீஸ் ஆள் கடைசி வரியிலிருந்து படிக்கிறார்! கேபிள் துடைத்தால் வருகைக் கட்டணம் மட்டும்தான். டிரைவ் விற்றால் வரவு வேறு. மேனேஜருக்கோ, லைன் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் மேலே பதில் சொல்ல வேண்டும், 'புது டிரைவே போட்டாச்சு சார்' என்றால் தப்பித்துக்கொள்ளலாம். 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்ல இங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி 2023ல் மட்டும் இந்தியாவில் 8,510 தொழிற்சாலை ரோபோக்கள் புதிதாக நிறுவப்பட்டன, முந்தைய ஆண்டைவிட 59 சதவிகிதம் அதிகம். இத்தனையும் ஒருநாள் நிற்கும். அன்றைக்குத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு போட்டது. அது எடுத்துக்கொண்டவை விவசாயக் கருவிகள், மொபைல் - டேப்லெட், வீட்டு சாதனங்கள், வாகனங்கள். நல்லதுதான். ஆனால் அந்த வாகனத்தைச் செய்கிற ரோபோ பட்டியலில் இல்லை. மிக்ஸிக்கு இருக்கிற யோகம் அதற்கு இல்லை!

'உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட், எல்லோரும் திறந்தால் உயிர் போகும்' என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே கரண்ட் தங்கும். அப்படியானால் பயிற்சி கொடு, கையேட்டைக் கையில் கொடு, எழுத்தில் அனுமதி கொடு. மூன்றும் கொடுக்காமல், முறையாகப் பூட்டுப் போட்டுத் திறந்தவனுக்கு மெமோ கொடுப்பது பாதுகாப்பு இல்லை, பயம்.

கம்பெனியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் யோக்கியன் இல்லை. ஊரைவிட்டு வந்து துபாயிலும் சிங்கப்பூரிலும் இங்கே கொச்சியிலும் குடும்பம் நடத்துகிற நாமும்தான் இதற்குக் காரணம். சனி ஞாயிறு ரோபோட்டிக்ஸ் கிளாஸ் என்று பிள்ளைக்கு ஆயிரக்கணக்கில் கட்டி, பிளாஸ்டிக் வண்டி கோட்டின் மேல் ஓடுவதை வீடியோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறோம். அதே குடும்பத்தில் நிஜ ரோபோவைப் பிரித்து மாட்டுகிறவனுக்குப் பெண் பார்க்கப் போனால், "டிப்ளமோவா? மெயின்டனன்ஸா?" என்று முகம் சுளிக்கிறோம். அக்கா ரெண்டு இடத்தில் இதைக் கேட்டுவிட்டு வந்து அழுதாள். நானே அவனிடம் "பகுதி நேரத்துல பி.இ. முடிச்சிருடா, மரியாதை வரும்" என்று சொன்னவன்தான். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த கைக்கு மரியாதை என்று எனக்கு ஏன் அன்று சொல்ல வரவில்லை?

ராத்திரி உட்கார்ந்து பதில் எழுதினோம். மேலே இருக்கிற கோபத்தில் பாதியை இங்கிலீஷில் ஒரு பாரா எழுதினேன். பையன் படித்துவிட்டு, "மாமா, இதை எடுத்துருங்க. ஏப்ரல்ல இன்க்ரிமென்ட் இருக்கு" என்றான். எடுத்துவிட்டேன். மிஞ்சியது ஆறு வரி: அலாரம் வந்த தேதி, நேரம், மெயினைப் பூட்டிய நேரம், மாற்றிய கேபிள், அதற்கப்புறம் அலாரம் இல்லை. வெட்டிய டையையும் ஒடிந்த கேபிளையும் அவன் பத்திரமாக எடுத்து வந்திருந்தான். இரண்டையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே 'இணைப்பு 1' என்று எழுதிக் கொடுத்தேன்.