மஞ்சள் சட்டையும் பத்தாவது இடமும்

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "பொங்கல், பண்பாடு, தாய்மொழி பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். தோற்றுப்போன ஒரு கிரிக்கெட் அணியைப் பற்றி நான் எழுதட்டுமா?" என்று கேட்டேன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அவருக்கும் உள்ளே அந்த வருத்தம் இருந்திருக்கும்!

2025 ஐ.பி.எல். போட்டியில் நமது சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் 4-ல் மட்டுமே வென்று, பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. ஐந்து முறை கோப்பை வாங்கிய அணி கடைசி இடத்துக்கு இறங்கியது அதுவே முதல் தடவை. சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு ஆட்டங்களில் ஐந்து தோல்வி. பெங்களூர் அணி 2008-க்குப் பிறகு முதன்முறையாக அங்கே வந்து வென்றது. டெல்லி 2010-க்குப் பிறகு வென்றது. கொல்கத்தாவுடன் 20 ஓவர் ஆடி எடுத்தது 103 ரன். அவர்கள் அதைப் பதினோராவது ஓவரிலேயே முடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஏப்ரலில் அம்மாவின் வருஷத் திவசத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் தடா. சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை போகும் மின்சார ரயிலில் ஏறினால் ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிந்துவிடும். அடுத்த நிறுத்தம் எங்கள் ஊர். 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, தடா நெல்லூர் மாவட்டத்தோடு ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. 2022-லிருந்து திருப்பதி மாவட்டம். எங்கள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும். நாமெல்லாம் விமானம் ஏறிப் புலம்பெயர்ந்தோம். என் அண்ணன் குடும்பம் உட்கார்ந்த இடத்திலேயே வேற்று மாநிலத்தார்.

ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை இரவு. சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் சேப்பாக்கத்தில் ஆட்டம். அண்ணன் மகன் மஞ்சள் சட்டை. அவனோடு ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் ஆரஞ்சு சட்டை. அண்ணி மூவருக்கும் சேர்த்தே வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்.

சென்னைக்குத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவர் ஷேக் ரஷீத், குண்டூர்ப் பையன். ஆந்திரப் பிள்ளை சென்னைக்காக ஆடுகிறான், எதிரே ஹைதராபாத் பந்து வீசுகிறது. ஆரஞ்சுச் சட்டைகளுக்குத் தர்மசங்கடம்! ஷமி வீசிய முதல் பந்திலேயே ரஷீத் ஸ்லிப்பில் பிடி கொடுத்துப் போய்விட்டார். கைதட்ட வேண்டியவர்கள் "அய்யோ, மன குண்டூர் அப்பாயி" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கூடத்தில் ஒரு நிமிடம் யார் எந்தக் கட்சி என்றே தெரியவில்லை. எல்லைக்கோட்டு ஊரில்தான் இப்படியொரு காட்சி கிடைக்கும்.

அதன்பின் நடந்ததுதான் என்னை இந்தக் கட்டுரைக்குத் தள்ளியது. பிரேவிஸ் என்ற தென்னாப்பிரிக்க இளைஞர் 25 பந்தில் 42 அடித்துக் கொஞ்சம் நம்பிக்கை தந்தார். இலங்கையின் கமிந்து மெண்டிஸ் பறந்து போய் அவரைப் பிடித்தார். விக்கெட்டுகள் சரிந்தன. ஒரு விக்கெட் விழுந்ததும் மைதானமே எழுந்து கூச்சலிட்டது. என் அண்ணன் மகனும் துள்ளிக் குதித்தான்! போனது நம் விக்கெட். குதித்தது ஏன்? "தல வர்றாரு சித்தப்பா!"

தல வந்தார், 6 ரன் எடுத்தார், போனார். சென்னை 154-க்குச் சுருண்டது. சேப்பாக்கத்தில் சென்னையை ஹைதராபாத் வென்றது அதுவே முதல் முறை. பஜ்ஜித் தட்டும் காலி.

மகேந்திரசிங் தோனியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 43 வயதில், கெய்க்வாடின் முழங்கை முறிந்து வெளியேறியதும், நடுவழியில் தலைமையை ஏற்றுக்கொண்டவர். என் குறை நம் மேல்தான். மார்ச் 28 அன்று பெங்களூருக்கு எதிராக 197 ரன் தேவை. தோனி அஷ்வினுக்கும் பின்னால், ஒன்பதாவது ஆளாக வந்தார். அதற்குள் ஆட்டம் கை நழுவியிருந்தது. அவர் 16 பந்தில் 30 அடித்தார், அணி 50 ரன்னில் தோற்றது, கூட்டம் விசிலடித்தபடி வீட்டுக்குப் போனது. தோற்ற கூட்டம் மாதிரியா இருந்தது அது? சாமி புறப்பாடு பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டம். இப்படி ஒரு கூட்டம் இருக்கும்வரை நிர்வாகத்துக்கு ஏன் கவலை? அணி எப்படிப் போனாலும் டிக்கெட் விற்றுவிடுமே!

நான் இருக்கும் சிகாகோவில் வேறு மாதிரி. 2024-ல் எங்கள் ஊர் ஒயிட் சாக்ஸ் என்னும் பேஸ்பால் அணி 162 ஆட்டங்களில் 121 தோற்றது. 1962-ல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120-ஐத் தாண்டி, 1900-க்குப் பிறகு எந்த அணியும் தோற்காத கணக்கு. செப்டம்பர் கடைசி வாரம், 120 தோல்வியோடு நின்ற அணியைப் பார்க்க மகன் என்னை இழுத்துக்கொண்டு போனான். சாதனைத் தோல்வியை நேரில் பார்க்க வேண்டுமாம்! கூட்டம் ஆட்டத்தைப் பார்த்ததைவிட முதலாளியைத் திட்டியதுதான் அதிகம். "அணியை விற்றுவிடு, அணியை விற்றுவிடு" என்று பாட்டு மாதிரி. வேடிக்கை, அந்த மூன்று நாளும் ஒயிட் சாக்ஸ் வென்றுவிட்டது. 121-வது தோல்வி பிறகு டெட்ராய்ட்டில்தான் வந்தது. நன்றாக ஆடு, இல்லையென்றால் பதில் சொல் என்று அந்த மக்கள் கேட்டார்கள். அதுவும் அன்புதான்.

இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "உனக்கு அங்கே ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது. தோனி யார்? ராஞ்சிக்காரர். எங்கிருந்தோ வந்து நம்ம ஆளாகிவிட்டார். இங்கே இவனுக்குத் தமிழோடு இருக்கும் ஒட்டே அந்த மனுஷன்தான்" என்று மகனைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளை, சட்டை முதுகில் 'விசில் போடு' என்று தமிழிலேயே எழுதி வைத்திருந்தான். எனக்குப் பேச்சு எழவில்லை. என் மகனின் சட்டையில் தமிழில் எதுவும் இல்லை.

அண்ணன் சொன்னதில் பாதி நியாயம். ஒரு மனிதரால் தமிழ் ஒட்டிக்கொள்கிறது என்றால், அந்த மனிதர் ஆடாத நாளில் என்ன ஆகும் என்பது மீதிப் பாதி.

ஏப்ரல் 30 அன்று பஞ்சாபிடம் தோற்றுச் சென்னை வெளியேறியது. இனி இழக்க ஒன்றுமில்லை என்ற பிறகுதான் அணிக்கு உயிர் வந்தது. ஆயுஷ் மாத்ரே, 17 வயது, கெய்க்வாடுக்கு மாற்றாள். பிரேவிஸ், உர்வில் படேல் எல்லோரும் யாரோ ஒருவருக்குப் பதிலாக நடுவில் வந்தவர்கள். மே 3 அன்று பெங்களூருக்கு எதிராக மாத்ரே 48 பந்தில் 94 அடித்தார். 2 ரன்னில்தான் ஆட்டம் போயிற்று. ஏலத்தில் கோடிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது இந்தப் பிள்ளைகள் ஏன் கண்ணில் படவில்லை? அனுபவம், அனுபவம் என்று பழைய முகங்களையே சுற்றி வந்தார்கள். (நம் சங்கத்தைச் சொல்லவில்லை. ஏழு ஆண்டு நானே பொருளாளராக இருந்தவன். ஆள் கிடைக்காத வருஷத்தில்தான் இளைஞர்கள் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தோம். அந்த ஆண்டு விழா நன்றாகவே நடந்தது.)

மே 25, அகமதாபாத். கடைசி ஆட்டம். பட்டியலில் முதலிடத்துக்குப் போட்டியிட்ட குஜராத்தை எதிர்த்துச் சென்னை 230 குவித்து, 83 ரன் வித்தியாசத்தில் வென்றது. பிரேவிஸ் 23 பந்தில் 57. எனக்கு இங்கே ஞாயிறு காலை, காப்பி ஆறிக்கொண்டிருந்தது. தடாவிலிருந்து போன் வந்தது.

"சித்தப்பா, பார்த்தீங்களா!" மாத்ரேயின் அடி, பிரேவிஸின் சிக்ஸர், உர்வில் என்று பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினான். அவன் முடிக்கட்டும் என்று காத்திருந்து கேட்டேன்.

"தல எவ்வளவு அடிச்சார்டா?"

சற்று நேரம் சத்தமில்லை.

"இறங்கவே இல்ல சித்தப்பா... ஆமால்ல?" என்றான். பிறகு குரல் தணிந்து, "அடுத்த வருஷம் ஆடுவாருல்ல?"