18 வயசைத் தாண்டிய ஆட்டிசம் பிள்ளைகள்: உதவி எங்கே கிடைக்கும்? முதலில் எந்தக் கதவைத் தட்டணும்?

"இந்த வருஷத்தோட சரிங்க, அடுத்த வருஷம் தம்பியை இங்க வச்சுக்க முடியாது." ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் பலர் சிறப்புப் பள்ளியில் ஒரு நாள் கேட்கும் வார்த்தை இது. பிள்ளைக்கு அப்போ 18 வயசு. பெற்றோருக்கு 45, 50-ஐ நெருங்கும் வயசு. மறுநாள் காலையில் வழக்கம்போல பை மாட்டிக்கிட்டு வாசலில் நிற்கும் பிள்ளையிடம், இன்னைக்குப் பள்ளி இல்லைன்னு எப்படிச் சொல்வது?

ஆட்டிசம் என்றாலே குழந்தைகள் என்றுதான் பேசுகிறோம். அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு என்ன ஆகிறார்கள்? அவர்களுக்கு நம்ம மாவட்டத்திலேயே என்ன உதவி இருக்கு, அதை எந்த வரிசையில் கேட்டு வாங்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

18 வயசுல என்ன மாறுது?

ஒரே நேரத்தில் மூன்று விஷயங்கள் மாறுகின்றன.

முதலாவது, திட்டங்கள். குழந்தைகளின் குறைபாடுகளைக் கண்டறியும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டம், பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. மாவட்டங்களில் தெரபி தரும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இதன் கீழ்தான் வருகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமையும் 6 முதல் 18 வயது வரைதான்.

இரண்டாவது, மருத்துவர். இதுவரை குழந்தைகள் நல மருத்துவர் பார்த்திருப்பார். இனி மனநலப் பிரிவுக்குப் போகணும். பழைய ஃபைல் கையில் இல்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. 18 முடிந்த அன்றே சட்டப்படி பிள்ளை மேஜர். அதன் பிறகு வங்கிக் கணக்கு, சொத்து, ஒப்பந்தம் எதிலும் அப்பா, அம்மா என்ற உறவை மட்டும் வைத்துப் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட முடியாது.

இவர்கள் எத்தனை பேர்?

உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக 2021-ம் ஆண்டு நிலவரத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆனால் இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிப் பிரிவே கிடையாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தையும் சேர்த்தது.

இது வெறும் புள்ளிவிவரப் பிரச்னை கிடையாது. ஒரு தாலுகாவில் பகல் பராமரிப்பு மையம் வேண்டுமா என்று முடிவு செய்ய, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அலுவலகத்துக்குத் தெரியணும். அடையாள அட்டை வாங்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இளைஞர் அந்தக் கணக்கில் வரமாட்டார். "கேட்க ஆளே இல்லை" என்று மையம் வராது. மையம் இல்லாததால் யாரும் வெளியே வரமாட்டார்கள். இந்தச் சுழலை உடைக்கும் முதல் வேலை, பிள்ளையின் பெயரை அரசுப் பட்டியலில் ஏற்றுவதுதான்.

முதல் கதவு எது?

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். பல மாவட்டங்களில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கும். தனியார் மையங்களைத் தேடி அலைவதற்கு முன் இங்கே போய்விடுங்கள். இந்த நான்கு கேள்விகளையும் எழுதி எடுத்துப் போவது நல்லது.

1. ஆட்டிசத்துக்கான மருத்துவச் சான்று முகாம் எந்த நாளில், எந்த அரசு மருத்துவமனையில் நடக்கிறது?
2. பராமரிப்பு உதவித்தொகைக்கு எங்கள் பிள்ளை தகுதி பெறுவாரா?
3. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு இந்த மாவட்டத்தில் பதிவு பெற்ற பகல் பராமரிப்பு மையங்கள், இல்லங்கள் எவை?
4. சட்டப்படியான பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பத்தை யாரிடம் கொடுக்கணும்?

உலக வங்கி உதவியுடன் நடக்கும் 'தமிழ்நாடு உரிமைகள்' திட்டத்தின் கீழ் 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களும் திறக்கப்பட்டு வருகின்றன. உங்கள் பகுதிக்கு எது பக்கம் என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

சான்றிதழ் வாங்குவது எப்படி?

மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்தால் மருத்துவச் சான்றும் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் கிடைக்கும். ஆட்டிசத்தை அளவிட 'ஐசா' எனப்படும் இந்திய அளவுகோல் பயன்படுத்தப்படுகிறது. பழகும் விதம், பேச்சு, நடத்தை, புலன் உணர்வு என 40 அம்சங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமாவது இருக்கணும்.

சின்ன வயசிலேயே அட்டை வாங்கியவர்கள், அதில் காலாவதித் தேதி இருக்கா என்று இன்றே பாருங்கள். சில சான்றுகள் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லும்.

இருபது, முப்பது வயது வரை ஆட்டிசம் என்று தெரியாமலே வாழ்ந்தவர்களும் உண்டு. படித்திருப்பார்கள், வேலையும் பார்ப்பார்கள். ஆனால் கூட்டம், சத்தம், திடீர் மாற்றம் எதுவும் தாங்காது. இவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். ஆட்டிசம் சிறுவயதிலேயே தொடங்குவது என்பதால், அந்தக் காலத்து விவரங்களை மருத்துவர் கேட்பார். பழைய ரிப்போர்ட் கார்டு, அம்மாவோ அத்தையோ சொல்லும் நினைவுகள் எல்லாமே உதவும். யாரிடம் பேசுவதென்றே தெரியாவிட்டால், 'டெலி மானஸ்' 14416 எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம்.

பண உதவி என்னென்ன?

பராமரிப்பு உதவித்தொகை: தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. குறைபாட்டின் வகை, சதவீதத்தைப் பொறுத்தே கிடைக்கும் என்பதால் தகுதியை அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிராமயா காப்பீடு: தேசிய அறக்கட்டளையின் திட்டம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு கிடையாது, முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனையும் தேவையில்லை. புறநோயாளி சிகிச்சை, தெரபி செலவுக்கும் பணம் பெறலாம். அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் மூலம் சேரணும், ஆண்டுதோறும் புதுப்பிக்கணும்.

பஸ் பயணம்: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் செல்லும் ஒருவரும் இலவசமாகப் போகலாம்.

குடும்ப ஓய்வூதியம்: பெற்றோர் அரசு ஊழியரா? தன் காலில் நிற்க முடியாத மாற்றுத்திறனாளி பிள்ளைக்கு, விதிகளுக்கு உட்பட்டு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். நீங்கள் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் சான்றையும் அலுவலகப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். பின்னாடி வேறு யாரோ அலையும் நிலை வரக்கூடாது.

பாதுகாவலர் கட்டாயமா?

எல்லோருக்கும் தேவையில்லை. முதலில் இதைத் தெளிவாகப் புரிஞ்சுக்கணும். ஆட்டிசம் உள்ளவருக்கும் மற்றவர்களைப் போலவே சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை உண்டு. சிலருக்கு வங்கியில் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். 2016 சட்டமும் இருவரும் சேர்ந்து முடிவெடுக்கும் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' முறையைத்தான் சொல்கிறது.

முழுநேர உதவி தேவைப்படுவோருக்கு 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி தருகிறது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். பாதுகாவலர் உண்மையிலேயே தேவையா என்று குழு முதலில் பார்க்கும். நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியல் கொடுக்கணும், ஆண்டுதோறும் கணக்கும் காட்டணும். சொத்தை எடுத்துக்கொண்டு ஆளைக் கைவிடும் உறவினர்களுக்கு எதிரான கடிவாளம் இது. பாதுகாவலர் சரியில்லை என்றால் அவரை நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

பகல் நேரத்தில் எங்கே போவது?

உண்மையான நெருக்கடி இங்கேதான். சான்றிதழ் வாங்கியாச்சு, உதவித்தொகையும் வருது. ஆனால் காலை 9 மணிக்குப் பிள்ளை எங்கே போகும்?

தேசிய அறக்கட்டளையின் 'விகாஸ்' திட்டம் பகல் பராமரிப்பு மையங்களுக்கும், 'கரோந்தா' திட்டம் பெரியவர்கள் சேர்ந்து வாழும் இல்லங்களுக்கும் ஆனது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் இவற்றை நடத்துகின்றன. செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மதிப்பீடு, தெரபி, தொழிற்பயிற்சி பற்றி அங்கே கேட்கலாம்.

வேலைக்குப் போகக்கூடியவர்களுக்கு அரசுப் பணியில் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சேர்த்து. இருக்கும் இடம் கொஞ்சம்தான். ஆனாலும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைப்பதில் நஷ்டமில்லை.

மையத்தில் சேர்க்கும் முன் என்ன கேட்கணும்?

சட்டப்படி பதிவு இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்தக்கூடாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சிறப்பு ஆசிரியருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கா என்று பாருங்கள். எத்தனை பேருக்கு ஒரு பணியாளர்? இரவில் யார் இருப்பார்? பெண்களுக்குத் தனி ஏற்பாடு என்ன? முன்னறிவிப்பு இல்லாமல் பெற்றோர் வந்து பார்க்கலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "முடியாது" என்று பதில் வந்தால் அங்கே சேர்க்காதீர்கள். "ஆட்டிசத்தை முழுசா குணப்படுத்துவோம்" என்று சொல்லிப் பணம் கேட்டாலும் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

என்ன குறை? யார் சரிசெய்யணும்?

சேவைகளில் பெரும்பகுதி பெரிய நகரங்களைச் சுற்றியே இருக்கிறது. மையத்துக்குப் போகவே இரண்டு பஸ் மாறணும் என்றால், சத்தம் தாங்காத ஒருவரால் தினமும் போக முடியாது. அம்மா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. குறுகிய கால பராமரிப்பு என்பது, கேட்டதும் கிடைக்கும் இடத்தில் இன்னும் இல்லை.

ஒரு புதிய வாய்ப்பு இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. உங்கள் ஊர் நியமன உறுப்பினரைத் தேடிப் பேசுங்கள். இதே நிலையில் இருக்கும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் "எங்கள் தாலுகாவில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பகல் மையம் வேண்டும்" என்று எழுத்து மூலம் மனு கொடுங்கள். மனு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பா?" என்ற கேள்விக்கு ஒரே நாளில் விடை கிடைக்காது. பிள்ளைக்கு இப்போ 16, 17 வயசு என்றால் இந்த வேலைகளைத் தொடங்கச் சரியான நேரம் இதுதான். 30 தாண்டியிருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: பழைய ரிப்போர்ட், ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள்.