தானம் கொடுத்த மாட்டின் பல்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை அலுவலகங்களுக்கு வந்து குவியும் ஒரு வகைப் புகைப்படம் உண்டு. நடுவில் ஒரு நிவாரணப் பை. அதை எட்டுக் கைகள் பற்றியிருக்கும். அவற்றுள் ஏழு கொடுப்பவர்களுடையவை. படத்தோடு வரும் குறிப்பில் தலைவர், செயலாளர், பொருளாளர், அனுசரணையாளர், சிறப்பு விருந்தினர் எல்லோருடைய பெயர்களும் பட்டம் பதவிகளோடு இருக்கும். எட்டாவது கைக்குரியவருக்கு மட்டும் பெயர் இராது. அவர் 'பயனாளி'. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்துச் சென்ற பின்னரும் இதே படங்கள்தாம் வந்தன.

படம் அற்பமான விடயம், விட்டுவிடலாம். என் வழக்கு அந்தப் பைக்குப் பின்னாலிருக்கும் கணக்கைப் பற்றியது.

இலண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் என்ற 24 மாடிக் குடியிருப்பு தீப்பற்றி எரிந்தது. 72 பேர் மாண்டார்கள். உயிர் தப்பியோர் உடுத்த துணியோடு தெருவில் நின்றார்கள். மக்கள் வாரி வழங்கினார்கள். ஏறத்தாழ 2 கோடி பவுண் சேர்ந்தது. பழைய உடைகளும் பொருட்களுமாகச் சுமார் 200 தொன் குவிந்தது. அவ்வளவையும் தரம் பிரித்து, மிஞ்சியதைக் கடைகளில் விற்றுப் பணமாக்க வேண்டிய வேலை செஞ்சிலுவைச் சங்கத்தின் தலையில் விழுந்தது. முதல் வாரங்களில் திரண்ட பணத்தில் சிறு பகுதியே பாதிக்கப்பட்டோர் கைக்குப் போயிற்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு சென்றது என்ற விபரத்தை அந்நாட்டு அறப்பணி ஆணையம் வெளியிட்டது. பத்திரிகைகள் அதைக் கேள்வியாக்கின. வீடிழந்தவர்கள் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கோபப்பட்டார்கள்.

வடமராட்சி கிழக்கு மக்களுக்குக் கோபப்படுவதற்கு ஓர் எண்கூட இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மணற்காடு தொடங்கி உடுத்துறை, மருதங்கேணி, தாளையடி, செம்பியன்பற்று, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு வரையிலான மீனவக் கிராமங்களைச் சில நிமிடங்களில் துடைத்தெறிந்தது. யாழ் மாவட்டத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அனர்த்தத்துக்குப் பின்னர் உலகம் கொடுத்த நிதியை மதிப்பிட்ட பன்னாட்டுக் கூட்டமைப்பொன்று 2006 இல் ஒரு கணக்குச் சொன்னது. பாதிக்கப்பட்ட நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆளொருவருக்கு 7,100 அமெரிக்க டொலருக்கும் மேல். அதே 2004 இல் வெள்ளத்தில் மூழ்கிய பங்களாதேஷில் ஆளுக்குக் கிடைத்தது 3 டொலர். மருதங்கேணியில் அலையில் கணவனையும் படகையும் இழந்த ஒரு பெண்ணிடம் இந்த 7,100 ஐச் சொல்லிப் பாருங்கள். சராசரிக் கணக்குத்தான், ஒவ்வொருவர் கையிலும் அவ்வளவு விழுந்திருக்க வேண்டியதில்லை என்பதை அறிவேன். ஆனால் தம் பெயரைச் சொல்லித் திரட்டியது எவ்வளவு, அது எந்த வழியால் எங்கே போயிற்று என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா?

அரசு என்ன செய்தது? கரையோரத்தில் வீடு கட்டக்கூடாது என்று தடை வலயம் வகுத்தது. தெற்கில் 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர். கடல் இரு பக்கமும் ஒரே கடல்தான். சட்டத்தின் அளவுகோல் வேறு. நிதியைப் பகிர்ந்து பயன்படுத்த 2005 ஜூன் 24 அன்று பொதுக் கட்டமைப்பு கைச்சாத்தானது. அதை எதிர்த்து ஜே.வி.பி. ஏற்கெனவே அரசிலிருந்து வெளியேறியிருந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கிய விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கொடுத்த காசு எங்கெங்கோ கிடக்க, மக்கள் தகரக் கொட்டிலில் வெந்தார்கள். தெற்கில் மட்டும் என்ன வாழ்ந்தது? 'அம்பாந்தோட்டைக்கு உதவி' என்ற கணக்கில் ஏறிய 8 கோடி 20 இலட்சம் ரூபாவைப் பற்றிய பொலிஸ் விசாரணையை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அத்தீர்ப்புக்காகத் தாம் வருந்துவதாக முன்னாள் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா 2014 இல் சொன்னார். சிங்கள மீனவனும் அந்த வருத்தத்தை வைத்து வலை வாங்கியிருக்க முடியாது.

நம் பக்கத்துக்கு வருவோம். இதை எழுதினால் சிலருக்குக் கசக்கும். அலை வடிந்த அன்றே சடலங்களைத் தூக்கியவர்களில் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் தொண்டர்களும் இருந்தார்கள். அதை மறுப்பது நன்றிகேடு. புலம்பெயர்ந்த தமிழர் அந்தக் கழகத்தை நம்பி அள்ளிக் கொடுத்தனர். 2005 இல் பிரித்தானிய அறப்பணிப் பதிவிலிருந்து அது நீக்கப்பட்டது. 2006 இல் இலங்கையில் அதன் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. 2007 நவம்பரில் அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது. குற்றஞ்சாட்டியவர்கள் பேசினார்கள், மறுத்தவர்களும் பேசினார்கள். யாருக்காகப் பணம் திரட்டப்பட்டதோ அவர்களை எவரும் கேட்கவில்லை. முடங்கிய பணம் யாருடையது? கொழும்பினதா, வாஷிங்டனினதா, கழகத்தினதா? உடுத்துறைக் கரையில் நின்றவனுடையது என்று ஒருவர்கூட வாதாடவில்லை. 2006 இல் போர் மறுபடி மூண்டபோது அவர்களுள் பலர் மீண்டும் பெட்டி படுக்கையோடு ஓடினார்கள்.

இதையெல்லாம் கேட்டால், 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா' என்று நம்மவர் பழமொழி சொல்வார்கள். பார்க்கத்தான் வேண்டும். அந்த மாடு வாங்கியவனின் துயரத்தைக் காட்டித் திரட்டிய காசில் வந்தது. அவன் வீட்டு இடிபாட்டின் படம் இல்லாவிட்டால் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உண்டியல் நிரம்பியிராது. ஆகவே அவன் வெறும் இரவலன் ஆகான்; முதல் போட்டவன். முதல் போட்டவனுக்குக் கணக்குக் காட்டாத வியாபாரத்துக்கு நம்மூரில் வேறு பெயர் உண்டு.

பல்லைப் பார்க்காததன் விளைவையும் கண்டோம். நாகபட்டினத்துத் தெருக்களில் யாரும் தொடாத பழந்துணி மலைபோல் கிடந்தது. டில்லியின் கூஞ்ச் அமைப்பு அதை எடுத்துத் தரம் பிரிக்க வேண்டியதாயிற்று. கடலுக்குப் போயறியாதவனுக்குப் படகு கிடைத்தது. போகிறவனுக்கோ கரைக்கு உதவாத படகு கிடைத்தது. என்ன வேண்டும் என்று கேட்கப்படாதவனால், வந்தது போதாது என்று சொல்லவும் முடிவதில்லை.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அலை அடித்து ஒரு வாரம் கடந்ததும், தன் ஆழிப்பேரலைப் பணிக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது, இனி இதற்கென அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. வேறு அமைப்புகள் முகஞ்சுளித்தன. நம் ஊர்ச் சங்கம் ஏதாவது என்றைக்காவது 'போதும்' என்று சொன்னதாக நான் அறியேன்.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கு ஒரு சொல். ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் ஆண்டு விழா மலரின் கடைசிப் பக்கத்தில் உங்களுக்கு வரவு செலவு அச்சிட்டுத் தருகின்றன. நல்லது. அதே தாளின் பிரதியொன்றைத் தமிழில், ரூபாவில், அந்தக் கிராமத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் சுவரில் ஒட்டினால்தான் அடுத்த காசோலை எழுதுவோம் என்று சொல்லிப் பாருங்கள். ஒட்டும் பசைக்கு அதிகம் செலவாகாது. உடுத்துறை நினைவாலயத்தில் ஒவ்வொரு டிசம்பர் 26 ஆம் நாளும் விளக்கேற்றி உரையாற்றுகிறார்கள். உரைகளுள் ஒன்றைக் குறைத்து, அந்த நேரத்தில் இந்தப் பகுதிக்கென அவ்வாண்டு வந்த உதவியின் கணக்கை ஒருவர் எழுந்து வாசிக்கட்டும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கட்டும்.